இரவில் ஓடிய வண்டி காலையில் நகர மறுத்தது

இரவு முழுக்க என் சிறு ரோபோ வண்டி ஒழுங்காக ஓடியது. சுவரைக் கண்டால் நின்றது, திரும்பியது. காலையில் நண்பர்களுக்குக் காட்டலாம் என்று ஜன்னலோரம் வைத்தேன். இருந்த இடத்திலேயே சுற்றியது. முன்னால் எதுவும் இல்லை, ஆனால் அகச்சிவப்பு சென்சாரில் தடையைக் காட்டும் விளக்கு அணையவே இல்லை. இரண்டு மணி நேரம் நிரலை வரி வரியாகப் படித்தேன். கடைசியில் யாரோ திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். வண்டி நேராக ஓடியது!

இந்த சென்சாரின் எல்.இ.டி. அகச்சிவப்பு ஒளியை அனுப்பும்; தடையில் பட்டுத் திரும்பி வருவதை ஒளியை உணரும் போட்டோடயோடு கண்டுகொள்ளும். ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. தன் எல்.இ.டி.யிலிருந்து திரும்பி வந்தது எது, சூரியனிடமிருந்து வந்தது எது என்று பாவம் அந்தப் போட்டோடயோடுக்கு எப்படித் தெரியும்? உணர்திறன் திருகைக் குறைத்துப் பார்த்தேன். விளக்கு அணைந்தது. ஆனால் சுவர் மிக அருகில் வந்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் முட்டிவிட்டது.

*

எனக்கும் இதே கதைதான். அந்தத் திருகை நம்பிப் பயனில்லை. ஓர் இடத்து வெளிச்சத்துக்குச் சரிசெய்தால் அடுத்த அறையில் தவறும். நான் எல்.இ.டி.யைத் தனி இணைப்பில் போட்டு, அதை அணைத்து ஒரு முறை, எரியவிட்டு ஒரு முறை என அனலாக் அளவு எடுத்தேன். முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் அறை வெளிச்சம் போய்விடும், எதிரொளி மட்டும் மிஞ்சும். நேர் வெயிலில் மட்டும் இது உதவாது. இரண்டு அளவுமே உச்ச எண்ணான 1023-இல் போய் நின்றுவிட்டால் கழித்து என்ன பயன்?

38 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 38,000 முறை) துடிப்பை மட்டும் ஏற்கும் ரிமோட் ரிசீவரையும் முயன்றேன். வெயிலை நன்றாகத் தாங்கியது. ஆனால் துடிப்பை இடைவிடாமல் அனுப்பினால் அதை இரைச்சல் என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறது. விட்டு விட்டுத்தான் அனுப்ப வேண்டும். இன்னொரு தொல்லை, வீட்டில் யார் டிவி ரிமோட்டை அழுத்தினாலும் வண்டி திடுக்கிட்டு நிற்கும்.

*

என் வண்டிக்கு நேர்மாறான நோய். வெள்ளைச் சுவரைத் தூரத்திலேயே கண்டுகொள்ளும். கறுப்பு வர்ணம் பூசிய நாற்காலிக் காலில் போய் மோதும். சரி, கறுப்பு ஒளியை விழுங்குகிறது என்று முடிவுகட்டினேன். அடுத்த நாளே ஒரு கறுப்புத் துணியை அழகாகக் கண்டுபிடித்தது! நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில சாயங்கள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் இப்போது ஒவ்வொரு பொருளையும் முன்னால் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். கண்ணாடிக் கதவு விஷயத்தில் சென்சாரை விட்டுவிட்டு முன்பக்கம் ஒரு தொடு சுவிட்சு வைத்துவிட்டேன்.

*

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: இந்த மலிவு சென்சார் மாட்யூல்களில் பெரும்பாலானவை தடை இருந்தால் 0 தரும், இல்லாவிட்டால் 1. நான் தலைகீழாக எழுதியதால் என் வண்டி சுவரைத் தேடித் தேடி ஓடியது.

*

முன்னால் எதுவும் இல்லாமல், திரையை மூடினால் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள் ஐயா. அணையாவிட்டால் எல்.இ.டி.யின் ஒளி பக்கவாட்டில் கசிந்து நேராகப் போட்டோடயோடில் விழுந்துகொண்டிருக்கலாம். இரண்டுக்கும் கறுப்புச் சுருங்கு குழாய் (சூடாக்கினால் இறுகும் பிளாஸ்டிக் உறை) மாட்டுங்கள். எல்.இ.டி. எரிகிறதா என்பதைக் கைபேசிக் கேமராவில் பார்க்கலாம், மங்கிய ஊதாவாகத் தெரியும். பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கத்தில் பாருங்கள்.

*

நீங்கள் சொன்னபடி குழாய் மாட்டினேன், கழித்தலும் எழுதினேன். ஜன்னலோரம் இப்போது ஓடுகிறது. வெயில் நேராக விழும் அந்த ஒரு கட்டத் தரைக்கு வந்தால் மட்டும் இன்னும் சுற்றுகிறது.