அந்த நோட்டைத் திறக்கவே இல்லை

செவ்வாய்

பெரியம்மா: போய்விட்டு வந்துவிட்டேன். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1.

மாமா: 6.1ஆ! சூப்பர் அக்கா 👏👏 8.4 இருந்த இடத்தில் 6.1. எல்லாரும் வாழ்த்துச் சொல்லுங்கள்.

அம்மா: ரொம்ப சந்தோஷம் அக்கா.

பெரியம்மா: வாழ்த்து வேண்டாம் தம்பி. மனசே சரியில்லை. இரண்டு மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதிய நோட்டை மேசைமேல் வைத்தேன். சர்க்கரை ரொம்ப இறங்கிய நாட்களுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தேன். டாக்டர் அதைத் திறக்கவே இல்லை. ரிப்போர்ட் தாளை அந்த நோட்டின் மேலேயே வைத்து மாத்திரையை எழுதினார். "நன்றாக இருக்கிறது, அதே மருந்து, மூன்று மாதம் கழித்து வாருங்கள்." முடிந்தது.

மாமா: நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னார். அதில் என்ன வருத்தம்?

பெரியம்மா: திங்கள் மாலை 5:40க்கு 61. புதன் 5:50க்கு 58. சனிக்கிழமை 64. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாமா: வீட்டு மிஷின் எல்லாம் முன்னே பின்னேதான் காட்டும் அக்கா. அதை நம்பிப் பயப்படாதே.

கயல்: மாமா, முன்னே பின்னே காட்டும் என்பது உண்மைதான். 100க்குக் கீழே இருந்தால் 20 அளவீட்டில் 19 அளவீடாவது லேப் காட்டும் அளவுக்கு 15 புள்ளிக்குள் இருக்க வேண்டும், ஐஎஸ்ஓ என்கிற சர்வதேச அமைப்பின் 2013 தரம் அப்படி. ஆனால் மூன்று முறையும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாகவா தவறும்? பெரியம்மா, அந்த நேரத்தில் உடம்பு எப்படி இருந்தது?

பெரியம்மா: வியர்வை. கை நடுக்கம். புதன்கிழமை கொஞ்சம் அதிகம்.

செல்வி அக்கா: கொஞ்சம் இல்லை. அம்மா இங்கே சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன். புதன்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு கால் மாறிப் போட்டிருந்தாள். கையில் குளுக்கோஸ் பாக்கெட். அதைப் பிரிக்கக் கை வரவில்லை. "என்னம்மா" என்று கேட்டால் சம்பந்தமே இல்லாமல் பதில் சொல்கிறாள். நான்தான் பல்லால் கிழித்துக் கரைத்துக் கொடுத்தேன்.

அம்மா: ஐயோ அக்கா. ஒரு போன் பண்ணக்கூடாதா?

மாமா: இது எனக்குத் தெரியாதே.

பெரியம்மா: சொன்னால் எல்லாரும் பயப்படுவீர்கள்.

கயல்: பெரியம்மா, 6.1 என்றால் மூன்று மாதச் சராசரி கிட்டத்தட்ட 128. காலையில் 150, மாலையில் 58 என்று ஏறி இறங்கினாலும் சராசரி அழகாகத்தான் வரும். இறங்கி இறங்கியே அந்த எண் நன்றாகத் தெரிகிறதோ என்னவோ. நோட்டைத் திறந்தால்தான் அது தெரியும்.

கயல்: கிளிமிபிரைடு சர்க்கரை மாத்திரை இன்னும் 4 மில்லிகிராம்தானே?

பெரியம்மா: ஆமாம், காலையில் ஒன்று. மெட்ஃபார்மின் இரண்டு வேளை. 8.4 இருந்தபோது எழுதியது. அப்போது 74 கிலோ இருந்தேன், இப்போது 67. மாலையில் 40 நிமிடம் நடக்கிறேன். மாவுச்சத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஆள் மாறிவிட்டேன், மாத்திரை மட்டும் மாறவில்லை.

கயல்: அங்கேதான் பிரச்சினை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா, நடந்தீர்களா என்று அதற்குத் தெரியாது.

பெரியம்மா: டாக்டரைக்கூட மன்னித்துவிடுவேன் கயல்மா. வெளியே எடை பார்க்கிற சிஸ்டர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "இன்சுலின் போடாதவர்கள் இவ்வளவு குத்திப் பார்க்க வேண்டாம், வீண் பயம்" என்றார். சரி என்று கேட்டுக்கொண்டேன். அப்புறம் "யார் உங்களைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னது" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். போன வருஷம் இதே சிஸ்டர் இதே நாற்காலியில் "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று திட்டினார். 67 வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலை குனிந்து நின்றேன்.

அம்மா: யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

கயல்: எனக்கும் வருகிறது. ஆனால் நானும் நோயாளிகளைப் பார்க்கிற அந்த இடத்தில் நிற்கிறவள். வரிசை நீண்டுகொண்டே இருக்கும்போது ரிப்போர்ட்டில் ஒரே ஒரு எண்ணைப் பார்த்து ஆளை அனுப்பிவிடத் தோன்றும். நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். அது தப்புதான். சர்க்கரை நோய் உள்ளவர்களைக் குற்றம் சாட்டுகிற மாதிரிப் பேசக்கூடாது என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2018இல் தனியாக ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. அந்த அளவுக்கு இது எல்லா இடத்திலும் நடக்கிறது.

கயல்: குத்திப் பார்க்க வேண்டாம் என்பது மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது. பார்ப்பதை விடாதீர்கள்.

மாமா: சரி, ஆனால் மாத்திரையை நீயே நிறுத்திவிடாதே அக்கா. அவர்கள் படித்தவர்கள்.

பெரியம்மா: நிறுத்துகிறவளாக இருந்தால் நான் எதற்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு போகிறேன் தம்பி? குறைக்கலாமா என்று கேட்கத்தானே போனேன்.

மாமா: அதுவும் சரிதான்.

கயல்: மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே போன் பண்ணுங்கள். நோட்டைத் திறப்பார்கள் என்று நம்பாதீர்கள், ஒரே ஒரு தாள் போதும். 70க்குக் கீழே போனது எத்தனை முறை, எந்தத் தேதி, எந்த நேரம், அப்போது உடம்பு எப்படி இருந்தது, யார் உதவினார்கள். "இன்னொருவர் வந்துதான் குளுக்கோஸ் கொடுத்தார்கள்" என்பதை முதல் வரியாக எழுதுங்கள். டாக்டர் காதில் விழ வேண்டியது அதுதான். "நான் நன்றாகக் கவனித்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பித்தால் அவர் அங்கேயே பேனாவை மூடிவிடுவார்.

கயல்: அதுவரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. நடப்பதற்கு முன்னாலும் ஒரு முறை பாருங்கள்.

பெரியம்மா: கால் விரல் மரத்துப்போவதையும் எழுதவா? போன முறை கேட்டதற்கு "வயசானால் அப்படித்தான்" என்றார்கள்.

கயல்: கட்டாயம் எழுதுங்கள். மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், மரத்துப்போவது அதனாலும் இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

புதன்

பெரியம்மா: போன் பண்ணினேன். "ரிப்போர்ட் நார்மல் அம்மா, இப்போது அப்பாயின்ட்மென்ட் தேவையில்லை" என்றார் அந்தப் பெண். தாளைப் பார்த்து முதல் வரியை வாசித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு நம்பரை வாங்கிக்கொண்டார்.

செல்வி அக்கா: நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

பெரியம்மா: இரண்டு மணி நேரம் கழித்து வேறொரு டாக்டர் கூப்பிட்டார். சின்ன வயசுக் குரல். முதல் கேள்வியே "எந்த நேரத்தில் இறங்குகிறது?" என்பதுதான். 11 வருஷமாக நேரத்துக்கென்று ஒரு கட்டம் போட்டு எழுதுகிறேன். அதை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. பதில் சொல்லத் தொண்டை அடைத்துவிட்டது.

அம்மா: 😢 என்ன சொன்னார்?

பெரியம்மா: நாளையிலிருந்து கிளிமிபிரைடு 2. இரண்டு வாரம் வீட்டு அளவை அனுப்பச் சொன்னார். பி12க்கும் எழுதியிருக்கிறார்.

மாமா: அக்கா, நேற்று நான் முதலில் கை தட்டியது தப்பு.

பெரியம்மா: விடு தம்பி. அந்த எண்ணைப் பார்த்தால் யாரும் தட்டத்தான் செய்வார்கள்.

அடுத்த வாரம், வெள்ளி

பெரியம்மா: வெறும் வயிற்றில் 134. மாலை 5:45க்கு 103.

மாமா: 134 கொஞ்சம் ஏறியிருக்கிறதே?

பெரியம்மா: உன்னை மாதிரியே நானும் பதறினேன். என் வயதுக்கு இது பரவாயில்லை, 58தான் ஆபத்து என்று அந்த டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நடக்கக் கிளம்புகிறேன்.

செல்வி அக்கா: குளுக்கோஸ் எடுத்துக்கொண்டாயா?

பெரியம்மா: எடுத்துக்கொண்டேன். பாக்கெட் இல்லை, மூடி போட்ட சின்ன டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு திறந்து பார்த்தேன், திறக்கிறது.