ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: நிறம் மாறும் திரையும் இணைய மறுக்கும் இரு கணினிகளும்

கோட்டைவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1999இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்னும் போர் உத்தி விளையாட்டையும் அடுத்த ஆண்டு வந்த தி கான்கரர்ஸ் விரிவாக்கத்தையும் அசல் வட்டுகளாகவே பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வந்திருக்கும் தம்பியும் நானும் வீட்டு இணைப்பிலேயே எதிரெதிராக ஆட விரும்புகிறோம். என்னிடம் இருப்பது விண்டோஸ் 7 உள்ள மேசைக் கணினி. அவனிடம் இருப்பது விண்டோஸ் 10 உள்ள மடிக்கணினி. இரண்டிலும் நிறுவல் தடையின்றி முடிந்துவிட்டது.

என் கணினியில் ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே புல்வெளி ஊதாவாகவும் தண்ணீர் செம்புள்ளிகளாகவும் மாறிவிடுகிறது. ஆட்டம் நிற்பதில்லை, ஒலியும் சரியாகவே இருக்கிறது, ஆனால் யாருடைய படை எது என்று பிரித்தறிய முடியவில்லை. வரைகலை அட்டைக்குப் புதிய இயக்கியை நிறுவியும் மாற்றம் இல்லை. தம்பியின் கணினியில் நிறங்கள் ஒழுங்காக உள்ளன. ஆனால் பலர் ஆடும் பகுதிக்குள் சென்றால் நான் தொடங்கிய ஆட்டம் அவனுடைய பட்டியலில் தோன்றுவதே இல்லை. அட்டை பழுதாகிவிட்டதா, அல்லது அமைப்புகளில் ஏதேனும் மாற்ற வேண்டுமா? புதிய பதிப்பை வாங்கலாம் என்பதை அறிவேன். மேசைக் கணினியை மாற்றும் நிலையில் இப்போது இல்லை என்பதோடு, பழைய ஆட்டத்தின் வேகம்தான் எங்கள் இருவரின் கைக்கும் பழகியது.

நெடுவில் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். உங்கள் வரைகலை அட்டையில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. தயவுசெய்து அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பது விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் இந்த விளையாட்டுக்கும், அதே காலத்தைச் சேர்ந்த ஸ்டார்கிராஃப்ட் போன்றவற்றுக்கும் நேர்ந்த ஒரே வகைக் கோளாறு.

காரணத்தைப் புரிந்துகொண்டால் தீர்வும் விளங்கும். இந்த விளையாட்டு 256 நிறங்களில் இயங்குகிறது. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது நிறத்தைச் சேமிப்பதில்லை, 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை மட்டுமே சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது நிறப்பட்டியல் ஒன்றில் தனியாக இருக்கிறது. நினைவகம் மிகக் குறைவாக இருந்த கணினிகளில் நூற்றுக்கணக்கான வீரர்களை ஒரே திரையில் நகர்த்துவதற்கு இது மிகச் சிறந்த வழியாக இருந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டியல் விளையாட்டுக்கு மட்டும் சொந்தமானது அன்று. பின்னணியில் இயங்கும் எக்ஸ்புளோரர், அதாவது உங்கள் முகப்புத் திரையையும் கீழ்ப்பட்டையையும் வரைந்துகொண்டிருக்கும் நிரல், அதில் சில இடங்களைத் தன் நிறங்களால் நிரப்பிவிடுகிறது. விளையாட்டு வழக்கம்போல் புல்லுக்குரிய எண்ணையே அனுப்புகிறது, ஆனால் அந்த எண்ணுக்கு நேரே இப்போது ஊதா இருக்கிறது. இயக்கியை எத்தனை முறை புதுப்பித்தாலும் இது மாறாததற்குக் காரணம் இதுவே.

ஆகவே, ஆட்டம் நடக்கும்வரை எக்ஸ்புளோரரை நிறுத்தி வைப்பதே நம்பகமான வழி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசஸ் பட்டியலில் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள். முகப்புத் திரை மறைந்துவிடும், அதற்காகப் பதற வேண்டாம். பிறகு அதே டாஸ்க் மேனேஜரின் ஃபைல் பட்டியலில் புதிய பணி என்பதைச் சொடுக்கி, விளையாட்டின் கோப்பை அங்கிருந்தே திறந்து ஆடுங்கள். முடிந்தபின் அதே இடத்தில் எக்ஸ்புளோரர் என்று தட்டச்சு செய்தால் முகப்புத் திரை திரும்பிவிடும். கோப்புகள் ஏதேனும் நகலெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள், நகலெடுப்பது பாதியில் அறுந்துவிடும். இன்னும் எளிதாக, திரைத் தெளிவுத்திறனை மாற்றும் சாளரத்தைத் திறந்து வைத்துவிட்டு விளையாட்டைத் தொடங்கினாலும் பலருக்கு நிறங்கள் சரியாகின்றன. முதலில் அதை முயன்று பாருங்கள்.

மாலைநேரக்காவலன் எழுதியது:

நிறத்தைப் பற்றி மேலே சொல்லியிருப்பது முற்றிலும் சரி, அண்ணா. நான் இணைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு மற்றக் கணினியைத் தேடுவதற்கு டைரக்ட்பிளே என்னும் விண்டோஸின் பழைய மென்பொருள் கூறை நம்பியிருக்கிறது. விண்டோஸ் 8 முதல் அது தானாக இயக்கப்பட்டிருப்பதில்லை, நாம்தான் இயக்க வேண்டும். தம்பியின் கணினியில் கண்ட்ரோல் பேனலுக்குச் சென்று, விண்டோஸ் வசதிகளை இயக்கும் பகுதியைத் திறந்து, பழைய கூறுகள் என்ற தலைப்பின்கீழ் டைரக்ட்பிளேயைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள். அடுத்து இரு கணினிகளின் ஃபயர்வாலிலும் (வெளித் தொடர்புகளை வடிகட்டும் பாதுகாப்பு அரண்) விளையாட்டுக்கு மட்டுமல்லாமல் டைரக்ட்பிளேயின் துணை நிரலுக்கும் அனுமதி தேவை. ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸ் 7 கணினிக்கு அது நல்லதன்று. போர்ட் எனப்படும் இணைப்பு வாசல்களில் 47624ஆம் போர்ட்டையும் 2300 முதல் 2400 வரையிலான போர்ட்டுகளையும் வீட்டு இணைப்புக்குள் மட்டும் திறந்தால் போதும். தம்பியின் கணினி உங்கள் வைஃபையைப் பொது இணைப்பு என்று பதிவு செய்திருந்தால் அதைத் தனிப்பட்ட இணைப்பாக மாற்றுங்கள், இல்லையேல் தேடலுக்குப் பதிலே கிடைக்காது.

இரு கணினிகளிலும் கான்கரர்ஸின் 1.0சி திருத்தம் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால் சேர்ந்து ஆட முடியாது.

கோட்டைவாசல் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தெளிவுத்திறன் சாளரம் எனக்குப் பலன் தரவில்லை, ஆனால் எக்ஸ்புளோரரை நிறுத்தியதும் புல் பச்சையாகவே நின்றது. இணைப்புதான் இன்னும் கைகூடவில்லை. டைரக்ட்பிளேயை இயக்கி, அனுமதிகளையும் கொடுத்து, திருத்தம் ஒன்றே என்பதையும் உறுதி செய்துவிட்டோம். இருந்தும் அவனுடைய பட்டியல் வெறுமையாகவே இருக்கிறது. அவன் கணினியில் கல்லூரிப் பாடத்துக்காக, கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவியிருக்கிறான். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

கல்தச்சன் எழுதியது:

தொடர்பு இருக்கிறது, பெரும்பாலும் அதுவேதான் காரணம். விர்ச்சுவல்பாக்ஸ் தனக்கென ஒரு மெய்நிகர் நெட்வொர்க் அடாப்டரை, அதாவது மென்பொருளால் மட்டுமே ஆன ஓர் இணைப்பை, உருவாக்கி வைக்கிறது. டைரக்ட்பிளே எழுதப்பட்ட காலத்தில் ஒரு வீட்டுக் கணினிக்கு ஒரே இணைப்புதான் இருக்கும் என்று எண்ணுவது நியாயமாக இருந்தது. இப்போது அது மெய்நிகர் அடாப்டரைப் பிடித்துக்கொண்டு, யாருமே இல்லாத அந்த இணைப்பில் உங்கள் ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் இணைப்புகள் பட்டியலைத் திறந்து, வைஃபையைத் தவிர மற்ற அடாப்டர்களை ஆடும் நேரத்துக்கு மட்டும் முடக்கி வையுங்கள். அவனுடைய பாடத்துக்கு எந்த இழப்பும் இல்லை, முடிந்தபின் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

புதிய பதிப்பைப் பற்றியும் ஒரு சொல். 2019இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு 64 பிட் விண்டோஸ் 10 வேண்டும் என்பதால் உங்கள் மேசைக் கணினியில் அது இயங்காது. ஆனால் தம்பியின் கணினி தாங்குமானால், 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தை அவனுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன். திராவிடர் என்ற நாகரிகமும், உருமி என்னும் சுருள்வாளை வீசும் வீரர்களும், திரிசடை என்ற கப்பலும், இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் அதில் உள்ளன. ஜோன் ஆஃப் ஆர்க்கையும் பார்பரோசாவையும் நடத்திச் சென்று பழகிய நமக்கு, நம் கடற்கரையிலிருந்து புறப்படும் ஒரு படையை நடத்துவது வேறொரு மகிழ்ச்சி.

இப்போதைய ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். இணைப்புக் கிடைத்ததும் எடுத்த எடுப்பில் மக்கள்தொகை வரம்பை 200 என்று வைத்துவிடாதீர்கள். இந்த விளையாட்டு படைகளின் நிலையைக் கம்பி வழியே அனுப்புவதில்லை. நீங்கள் இட்ட கட்டளைகளை மட்டும் பரிமாறிக்கொண்டு, முழுப் போரையும் இரு கணினிகளும் தனித்தனியே கணக்கிடுகின்றன. அதனால் மெதுவான கணினி எதுவோ, அதன் வேகத்துக்கே மற்றதும் காத்திருக்கும். கணக்கு ஓரிடத்தில் சற்று மாறினாலும் ஒத்திசைவு குலைந்துவிட்டதென்ற அறிவிப்போடு ஆட்டம் நின்றுவிடும். எனவே யாராவது ஒருவர் விளையாட்டின் தரவுக் கோப்புகளை மாற்றியிருந்தால் அவற்றை மூலநிலைக்குத் திருப்பிவிட்டு, முதல் ஆட்டத்தைச் சிறிய வரைபடத்தில் 75 பேர் வரம்போடு நடத்துங்கள். அது தடுமாறாமல் ஓடினால் வரம்பைப் படிப்படியாக உயர்த்தலாம். இடையிடையே சேமித்து வையுங்கள். பலர் ஆடும் ஆட்டத்தையும் சேமித்த இடத்திலிருந்து மீட்டெடுத்துத் தொடர முடியும்.