பேஸ் கிற்றார் கம்பி அழுத்தவே ஏலாமல் இருக்கிறது, சனிக்கிழமை நிகழ்ச்சி, அவசர உதவி

ஆரையம்பதிப்_பொடியன்:
எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடமாகக் கிற்றார் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் பேஸ் வாசிக்கிற அண்ணா கட்டாருக்குப் போய்விட்டார். சனிக்கிழமை களுவாஞ்சிக்குடியில் ஒரு கலியாண வரவேற்பு, பேஸ் என் தலையில் விழுந்துவிட்டது. மாமா வீட்டுப் பரணில் கிடந்ததை நேற்று எடுத்து வந்தேன். கம்பியெல்லாம் தளர்த்தி வைத்திருந்தார்கள். போனில் ட்யூனர் போட்டு ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்து ஏற்றினேன், சுருதி சரியாக இருக்கிறது. ஆனால் கம்பி இரும்புக் கம்பி மாதிரி இறுகிக் கிடக்கிறது. அஞ்சு நிமிடம் வாசித்தால் இடது சுட்டுவிரல் நுனியில் தோல் வெள்ளையாகிப் பள்ளம் விழுகிறது. 12ஆம் பிரெட்டில் (பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பென்சில் போகும். நேற்றைவிட இன்று காலை இன்னும் உயர்ந்த மாதிரித் தெரிகிறது. பேஸ் என்றால் இப்படித்தானா? யாராவது சொல்லுங்கள்.

சாய்ந்தமருது_சவுண்ட்:
தம்பி, விபரம் போதாது. என்ன மேக்? புதுக் கம்பியா பழசா? எந்த அம்பில் (அம்ப்ளிபயர்) போட்டு வாசிக்கிறீர்கள்? கிற்றார் அம்பில் போட்டால் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். பேஸின் கீழ்ச் சுரம் சின்ன ஸ்பீக்கரின் கோனைக் கிழித்துவிடும்.

நீலாவணை_ரிப்பேர்:
இது மாரி. கடற்கரைப் பக்கம் மரம் ஈரத்தை இழுத்து நெக் (கழுத்துப் பகுதி) வளையும், அதுதான் கம்பி உயர்கிறது. என்னிடம் வருகிற பத்தில் எட்டு இதே கதை. ஆலன் கீ எடுத்து ட்ரஸ் ரொட்டை (நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பி) வலப்பக்கம் அரைச் சுற்று திருகுங்கள், இறங்கிவிடும்.

பழைய_கை:
இந்தக் கேள்விக்கு நான் பல தரம் பதில் எழுதிவிட்டேன். பழைய இழைகளைத் தேடி வாசிக்கிற பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. தம்பி, பேஸ் என்பது இரண்டு கம்பி கழற்றிய கிற்றார் அல்ல. கிற்றாரின் கம்பி நீளம் 25 அரை அங்குலம், பேஸ் 34 அங்குலம். கிற்றாரின் தடித்த ஈ 82 ஹேர்ட்ஸ், பேஸின் ஈ 41. அந்தத் தடிப்பை அழுத்த வேறு விரல் வேண்டும். எட்டு வருடம் கோட் (பல சுரம் சேர்ந்த பிடி) பிடித்த கை பேஸுக்கு ஒன்றாம் வகுப்புக் கைதான். ஆறு மாதம் பயிற்சி எடுத்துவிட்டு மேடைக்குப் போங்கள். பிக்கை (கம்பியைத் தட்டுகிற சின்னத் தகடு) தூக்கி எறிந்துவிட்டு விரலால் தொடங்குங்கள். பிக்கால் வாசிப்பது பேஸ் வாசிப்பில் சேராது.

கல்முனை_ஆறெட்டு:
கடைசி வரியை ஏற்க மாட்டேன். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி பெரும்பாலும் பிக்கால்தான் வாசித்தார். அவரும் கிற்றாரிலிருந்து 1961இல் பேஸுக்கு மாறியவர். கரோல் கேய் லொஸ் ஏஞ்சல்ஸில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தவர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு பேஸ்காரர் வராமல் போக, அன்று அந்த அம்மா பேஸைக் கையில் எடுத்தார். பிக்கால்தான். தம்பியின் நிலைமையும் அதேதான். ஆறு மாதம் காத்திரு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பழைய_கை:
பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் வலக்கையில் ஒரேயொரு சுட்டுவிரலை வைத்து வாசித்தார். அந்த உருண்ட சத்தம் பிக்கில் வருமா என்று கேட்டுப் பாருங்கள்.

கல்முனை_ஆறெட்டு:
உருண்ட சத்தம் எல்லாப் பாட்டுக்கும் வேண்டியதில்லையே. இங்கே வரவேற்பு என்றால் பைலா ஆட்டப்பாட்டு இல்லாமல் முடியாது. ஆறெட்டுத் தாளத்தில் மேளமும் கீபோட்டும் சேர்ந்து அடிக்கும்போது பேஸின் அடி வெட்டினமாதிரி விழ வேண்டும். பிக்கில் அது சுலபமாக வரும்.

சாய்ந்தமருது_சவுண்ட்:
பைலாவில் பேஸ் குறைவாக வாசித்தால்தான் அழகு. முதல் அடியிலும் நாலாம் அடியிலும் ஊன்றி வைத்தால் ஆடுகிறவர்களின் கால் தானாக வரும். எல்லா அடியிலும் சுரம் போட்டால் மண்டபத்துக்குள் குழம்பிப்போகும். மிக்சரில் நின்று இருபது வருடமாகக் கேட்கிறேன்.

கல்முனை_ஆறெட்டு:
காக்கா, அது நீங்கள் கேட்ட பேஸ்காரர்களின் குறை. இளையராஜா பாட்டுகளைக் கேளுங்கள். பேஸ் ஒரு தனிக் குரலாக ஓடுகிறது, எங்கே குழம்புகிறது?

சாய்ந்தமருது_சவுண்ட்:
அது ஒலிப்பதிவுக் கூடம். தகரக் கூரை மண்டபம் வேறு. கீழ்ச் சுரம் கூரையில் அடித்துத் திரும்பி வரும்.

ஆரையம்பதிப்_பொடியன்:
மேக் தெரியாது, பெயர் அழிந்துவிட்டது. கம்பி பழசு, துரு இல்லை. அம்ப் இல்லாமல் சும்மா வாசித்தாலும் இறுக்கம்தான். நீலாவணை அண்ணா சொன்னமாதிரி அரைச் சுற்று திருகினேன். கொஞ்சம் இறங்கியது, ஆனால் இறுக்கம் அப்படியே இருக்கிறது. விரலில் பிளாஸ்டர் போட்டிருக்கிறேன்.

தாண்டவன்வெளி_குவயர்:
மகன், இனி எதையும் திருக வேண்டாம். ஈரத்தால் நெக் வளைவது உண்மைதான், ஆனால் பென்சில் போகிற அளவுக்கு ஒரு இரவில் வளையாது. வேறு ஏதோ இழுக்கிறது. தலைப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். கம்பி எல்லாம் தெரிய வேண்டும்.

ஆரையம்பதிப்_பொடியன்:
(படம்)

தாண்டவன்வெளி_குவயர்:
கம்பி முறுக்குகிற ஆணி ஐந்து தெரிகிறது. இது ஐந்து கம்பிப் பேஸ். தடித்ததிலிருந்து எந்தெந்தச் சுரத்துக்கு ஏற்றினீர்கள்? வரிசையாக எழுதுங்கள்.

ஆரையம்பதிப்_பொடியன்:
ஓம் அக்கா, அஞ்சு. ஈ, ஏ, டி, ஜி, பி. கிற்றார் மாதிரித்தானே, கடைசி மெல்லிய ஈ மட்டும் இல்லை. வாசிக்கும்போது சுரமெல்லாம் சரியாக வருகிறது.

தாண்டவன்வெளி_குவயர்:
அங்கேதான் பிழை, மகன். கிற்றார்காரர் எவருக்கும் அப்படித்தான் தோன்றும், உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து கம்பிப் பேஸில் கூடுதல் கம்பி மெல்லிய பக்கம் வருவதில்லை, தடித்த பக்கம் வருகிறது. சரியான வரிசை பி, ஈ, ஏ, டி, ஜி. அந்தத் தடித்த கம்பி பி, 31 ஹேர்ட்ஸுக்குச் செய்தது. நீங்கள் அதை ஈ ஆக்கி 41க்கு ஏற்றியிருக்கிறீர்கள். அடுத்த மூன்றும் அதேபோல் ஒரு நாலாம் சுரம் (ஐந்து பிரெட்) மேலே நிற்கின்றன. கடைசிக் கம்பி ஜி, அதை பி ஆக்கியிருக்கிறீர்கள், அது நாலு பிரெட் உயரம்.

சுரம் சரியாகக் கேட்பதற்கும் காரணம் இதுதான். ஈ, ஏ, டி, ஜி நாலும் உண்மையான பேஸ் சுரத்திலேயே ஒலிக்கின்றன, வேறு கம்பியில். போனில் ட்யூனர் எழுத்தை மட்டும் காட்டும், எந்தக் கம்பி என்று அதற்குத் தெரியாது.

இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். நாலாம் சுரம் ஏறினால் அதிர்வெண் மூன்றில் ஒரு பங்கு கூடும், அதாவது 4க்கு 3. அப்படியென்றால் இழுவிசை 16க்கு 9, கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு. அந்தப் பாரத்தை அந்த நெக் இரவிரவாகத் தாங்கியிருக்கிறது. வளையாமல் என்ன செய்யும்?

இப்போதே எல்லாக் கம்பியையும் இறக்குங்கள். ஒன்றை முழுதாகத் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக.

நீலாவணை_ரிப்பேர்:
அக்கா சொல்வது சரி. எத்தனை கம்பி என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தம்பி, நான் சொல்லித் திருகின அரைச் சுற்றைத் திரும்ப இடப்பக்கம் எடுங்கள். இழுவை குறைந்ததும் அந்த அரைச் சுற்று நெக்கைப் பின்பக்கம் வளைக்கும், முதல் பிரெட்டுகளில் கம்பி தட்டிக் கர்ரென்று சத்தம் வரும். பி ஈ ஏ டி ஜி வைத்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் தடித்த கம்பியை முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒரே நேரம் அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் பிரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு விசிட்டிங் காட் நுழைகிற இடைவெளி இருந்தால் போதும்.

பழைய_கை:
ஐந்து கம்பி என்பதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் நேரம் வீணாகியிருக்காது. விபரம் எழுதுவதும் ஒரு பயிற்சிதான். நாலு கம்பியில் படிப்பதுதான் முறை, ஐந்து கம்பி பிறகு வர வேண்டியது.

கல்முனை_ஆறெட்டு:
பரணில் இருந்ததைத்தானே எடுக்க முடியும்? சனிக்கிழமைக்குள் வேறு பேஸ் எங்கே தேடுவது?

தாண்டவன்வெளி_குவயர்:
சண்டை பிறகு. மகன், இன்னும் ஒன்று. இப்போது ஈ கம்பி தடித்ததிலிருந்து இரண்டாவது. கை பழக்கத்தில் மேல் கம்பிக்குப் போகும், கவனம். பி கம்பி வேண்டாத பாட்டுகளில் வலது பெருவிரலை அதன் மேல் சாய்த்து வைத்துவிடுங்கள். தொடாமல் விட்டால் மற்றக் கம்பிகளை அடிக்கும்போது அதுவும் சேர்ந்து முனகும், பேஸ் முழுதும் கலங்கினமாதிரிக் கேட்கும். எங்கள் குவயரில் பேஸ் எடுக்கிற பிள்ளைகளுக்கு முதல் கிழமை இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இடக்கையில் கீழ்ப் பிரெட்டுகளில் நாலு விரலையும் நாலு பிரெட்டுக்கு விரிக்க வேண்டாம். சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் மூன்று பிரெட்டைப் பார்க்கட்டும், மோதிரவிரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கட்டும். அப்புறம், பிரெட்டுக் கம்பியை ஒட்டி அதன் பின்னால் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் வேண்டும்.

ஆரையம்பதிப்_பொடியன்:
இறக்கிவிட்டேன் அக்கா. நம்பவே ஏலாது, வேறு கருவி மாதிரி இருக்கிறது. திருகினதையும் திரும்ப எடுத்துவிட்டேன் அண்ணா. பிளாஸ்டரோடயே வாசிக்க முடிகிறது. நாளைக்குப் பயிற்சி.

சாய்ந்தமருது_சவுண்ட்:
நல்லது. சனிக்கிழமை அம்பை நம்பி இருக்க வேண்டாம், டிஐ பெட்டி (பேஸை மிக்சரோடு இணைக்கிற சின்னப் பெட்டி) ஒன்று கேட்டு வாங்கி நேராக மிக்சருக்குக் கொடுங்கள். பேஸின் பின்பக்கம் பற்றரி வைக்கிற சின்னக் கதவு இருக்கிறதா? இருந்தால் புதுசாக 9 வோல்ட் ஒன்று போடுங்கள். இடைவேளையில் வயரைக் கழற்றி வையுங்கள், குத்தியபடி விட்டால் பற்றரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கல்முனை_ஆறெட்டு:
தம்பி, பிக்கா விரலா என்பதைக் கடைசியில் சொல்லுங்கள்.

ஆரையம்பதிப்_பொடியன்:
நிகழ்ச்சி முடிந்தது. நெக் நேராக நின்றது. பைலாவில் முதல் அடியும் நாலாம் அடியும் மட்டும் வாசித்தேன், மேளக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். எல்லோருக்கும் நன்றி, அக்காவுக்கு விசேஷமாக.

சாய்ந்தமருது_சவுண்ட்:
சந்தோஷம் தம்பி. டிஐ பெட்டி கிடைத்ததா?

கல்முனை_ஆறெட்டு:
பிக்கா விரலா?