தாயக்கட்டைப் பெட்டிக்கு மூலை ஸ்ப்லைன்: கைரம்பத்தில் போட முடியுமா?

மாடிப்பட்டறை (கேள்வி):

வணக்கம். பழைய தேக்குச் சன்னல் சட்டம் ஒன்றை அறுத்து, தாயக்கட்டையும் சோழியும் வைக்க ஒரு சின்னப் பெட்டி செய்கிறேன். நீளம் 18 செ.மீ., அகலம் 10, உயரம் 6. பலகைக் கனம் 8 மி.மீ. நான்கு மூலையையும் 45 டிகிரியில் மைட்டர் வெட்டிச் சேர்க்கப்போகிறேன், மரத்தின் ரேகை மூலை திரும்பி ஓடுவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் வெறும் பசையை நம்பி விட மனசில்லை. மூலைக்கு மூன்று ஸ்ப்லைன் போட ஆசை, அதாவது மூலையில் குறுக்கே காடி (பள்ளவெட்டு) எடுத்து அதில் மெல்லிய மரத்துண்டைச் செருகி ஒட்டுவது. பார்க்கிற வீடியோவிலெல்லாம் டேபிள் ரம்பத்தில்தான் காடி எடுக்கிறார்கள். நான் இருப்பது அடுக்குமாடியில். கையில் இருப்பது ஒரு ஜப்பானிய இழுப்பு ரம்பமும், வெட்டும் பிட் சுழலும் ட்ரிம்மர் என்ற சின்ன மின்கருவியும்தான். இவற்றை வைத்து முடியுமா? எவ்வளவு ஆழம் வெட்டலாம்? என்ன மரம் செருகலாம்?

மரத்தூள்:

ட்ரிம்மரில் முடியும். 3 மி.மீ. நேர் பிட் போட்டு, பெட்டியை மூலை மேலே பார்க்க வி வடிவத் தொட்டிலில் உட்கார வைத்து ஓட்டவேண்டும். ஒரே ஓட்டில் முழு ஆழத்துக்கு இறக்காதீர்கள், அந்தக் கனத்துப் பிட் பட்டென்று ஒடியும். இரண்டு மூன்று தடவையாக இறக்குங்கள். பிட் வெளியேறும் பக்கத்தில் ஒரு வேண்டாத கட்டையை ஒட்டி அணை கொடுத்தால் ஓரம் பிய்யாது. பிற்பாடு டேபிள் ரம்பம் வாங்கினால் பல் நுனி தட்டையாக இருக்கும் பிளேடாகப் பாருங்கள். மற்ற பிளேடுகள் காடியின் அடியில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பள்ளம் விடும், ஸ்ப்லைன் செருகியபின் அது வெளியிலிருந்து தெரியும்.

காவிரிக்கரைத் தச்சர்:

தம்பி, இந்த அளவுப் பெட்டிக்கு உங்கள் இழுப்பு ரம்பமே போதும். என்னைக் கேட்டால் அதுதான் பொருத்தமும்கூட. 8 மி.மீ. பலகையில் 3 மி.மீ. காடி மூன்று எடுத்தால் மூலை கனத்துத் தெரியும். மயிரிழை போல ஓடும் மெல்லிய கோடுதான் சின்னப் பெட்டிக்கு எடுப்பு.

முதலில் மைட்டர் ஒட்டு சரியாக இருக்கவேண்டும். வெட்டுமுகத்தில் நார் முனைகள் திறந்திருப்பதால் பசையை உறிஞ்சிவிடும். தண்ணீர் கலந்த பசையை ஒரு கை தடவி, சில நிமிடம் ஊற விட்டு, அப்புறம் கெட்டிப் பசை போட்டுச் சேருங்கள். ஸ்ப்லைன் வேலை மறுநாள்.

ஆழத்துக்குக் கணக்கு இது. 8 மி.மீ. பலகையில் வெளிமூலையிலிருந்து உள்மூலை வரை குறுக்காக 11.3 மி.மீ. இருக்கும். அதில் 8 வரை வெட்டலாம். அதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். மூலையிலிருந்து இரண்டு முகத்திலும் 11 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். ரம்பம் இரண்டு கோட்டையும் ஒருசேரத் தொட்டதும் நிறுத்துங்கள். அடி நேராக இருக்கும், உள்ளே 3 மி.மீ.க்கு மேல் மரம் மிஞ்சும். ஒரு பக்கக் கோட்டை மட்டும் ரம்பம் முந்தித் தொட்டால் கை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

கைரம்பத்தில் இன்னொரு வசதி உண்டு. மூன்றையும் மட்டமாக வெட்டாமல் ஒன்றை மேல்நோக்கியும் அடுத்ததைக் கீழ்நோக்கியும் கொஞ்சம் சாய்த்து வெட்டுங்கள். காடிகள் ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாக இருந்தால் மூலை பிரிந்து வரவே வராது.

எல்லாவற்றையும்விட நார் போகும் திசை முக்கியம். ஸ்ப்லைனின் நார் ஒரு பலகையிலிருந்து மற்றதுக்குக் குறுக்கே பாலம் போட்டு ஓடவேண்டும், அதாவது முக்கோணத்தின் நீண்ட பக்கத்தோடு. நாரை மூலைக்கோட்டோடு ஓடும்படி வைத்தால் தட்டினாலே பிளந்துபோகும், அதைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான். கடையில் வாங்கும் ஸ்ப்லைன் பட்டியைக்கூட இதைப் பார்க்காமல் செருகாதீர்கள்.

மரத்துக்குப் பூவரசின் வைரம் (உள்மரம்) கிடைத்தால் விடாதீர்கள். தேக்குக்குப் பக்கத்தில் அந்தச் சாக்லேட் நிறம் கண்ணை நிறுத்தும். பலாவும் நன்றாக இருக்கும். தஞ்சாவூரில் வீணைக்குக் குடைகிற மரம் அதுதான், பட்டறைகளில் துண்டு மிஞ்சும். ஆனால் இன்று தெரியும் மஞ்சள் போகப்போகப் பழுப்பேறித் தேக்கோடு கலந்துவிடும். அந்த வித்தியாசம் நிலைக்கவேண்டும் என்றால் பூவரசுதான்.

மாடிப்பட்டறை:

மிக்க நன்றி ஐயா. இரண்டு சந்தேகம். பூவரசு வெனீர் (தாள் போல மெல்லிய மரத்தகடு) இங்கே கிடைக்கவில்லை, கட்டைதான் இருக்கிறது. அதை ரம்பத்தின் கனத்துக்கு எப்படி இழைப்பது? தேக்கில் எண்ணெய் இருக்கிறதே, பசை பிடிக்குமா?

காவிரிக்கரைத் தச்சர்:

நார் நீளவாக்கில் ஓடும்படி 2 மி.மீ. பட்டியாக அறுத்து, ஒரு மட்டப்பலகையில் முனைக்கு மெல்லிய தடுப்பு ஒட்டி, அதில் முட்டவைத்து இழையுங்கள். கடைசிக்கு உப்புத்தாளை விரித்துப் பட்டியை அதன்மேல் தேய்த்தால் கனம் கைக்கு வந்துவிடும். முதலில் அதே தேக்குத் துண்டு ஒன்றில் ஒரு காடி வெட்டிப் போட்டுப் பாருங்கள். கட்டைவிரலால் தள்ளினால் போகவேண்டும். சுத்தியல் கேட்டால் கனம் அதிகம். கவிழ்த்தால் விழுந்தால் குறைவு. கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் பட்டியை இரும்பில் வைத்து லேசாகத் தட்டி நசுக்கிச் செருகுங்கள். பசையின் ஈரத்தில் அது ஊறிப் பருத்துக் காடியைக் கவ்விக்கொள்ளும்.

தேக்குக்கு, ஒட்டும் இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தவுடனே ஒட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் எண்ணெய் திரும்ப மேலே வரும். காடிக்குள் பசை போக, இழைத்த பட்டித் துண்டு ஒன்றையே கரண்டியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்ப்லைன் அடியைத் தொடும்வரை தள்ளுங்கள், நடுவில் நின்றால் சீவியபின் ஓட்டை தெரியும்.

காய்ந்தபின் நீட்டிக்கொண்டிருப்பதை ரம்பத்தால் அறுக்கும்போது முகத்தின்மேல் ஒரு தடித்த காகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள், கீறல் விழாது. மிச்சத்தை உளியால் சீவுங்கள், ஆனால் மூலையிலிருந்து பெட்டியின் நடுவை நோக்கி மட்டும். எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் மூலை நுனியில் நார் பெயர்ந்து வந்துவிடும்.

மரத்தூள்:

ஐயா சொன்ன சாய்வு வெட்டு எனக்கும் புதிது. தம்பி, மூடியைத் தனியாக அறுத்தெடுப்பதாக இருந்தால் ஸ்ப்லைன் குறிக்கும் முன்பே அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள். அறுக்கிற கோடு நடு ஸ்ப்லைன் வழியாகப் போய்விடக்கூடாது. மூடியில் ஒன்று, பெட்டியில் இரண்டு என்று பிரித்தால் சரியாக வரும்.