உதவி: ஆர் மாடல் டெர்மினல்ல ஓடுது, வெப்ல 502 வருது (அவசரம்)

அரசலாறு:
சம்பா மகசூல் கணிக்கிற மாடல் ஒண்ணு, ஆர் (R) புள்ளியியல் மொழில எழுதினது. ஊர், ரகம், நட்ட தேதி குடுத்தா மகசூல் சொல்லும். வெப்ல போட்டா 502 பேட் கேட்வே. டெர்மினல்ல ஓட்டினா ஒரு குறையும் இல்ல. சர்வரை ரெண்டு தடவை ரீபூட் பண்ணியாச்சு. திங்கட்கிழமை கும்பகோணத்துல விவசாயிங்க முன்னாடி காட்டணும். யாராச்சும் சொல்லுங்க.

குடமுருட்டி:
எதுல போட்டீங்க? ஆரை வெப்ல குடுக்கிற பேக்கேஜ் பிளம்பரா, ஷைனியா, ஆர்சர்வா? முன்னாடி நின்னு கேள்வியை வாங்கி ஆருக்கு அனுப்புற வெப் சர்வர் என்ஜின்எக்ஸா அப்பாச்சியா? லினக்ஸ்னா எது, எந்தப் பதிப்பு? ஆர் எப்படித் தொடங்குது, கையாலயா, பின்னணில தானா ஓடுற சர்வீஸாவா?

வெட்டாறு:
ஃபயர்வால்தான். 8000 போர்ட்டைத் திறந்து விடுங்க, சரியாயிடும்.

வெண்ணாறு:
ஃபயர்வால் இல்லை. 502 பக்கம் வருகிறது என்றாலே உலாவி என்ஜின்எக்ஸ் வரை வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருக்கும் ஆர் உயிரோடு இல்லை, அல்லது வேறு போர்ட்டில் இருக்கிறது. இரண்டும் ஒரே கணினியில் 127.0.0.1 (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) வழியாகப் பேசிக்கொள்பவை. அங்கே 8000-ஐ ஊருக்கே திறந்து வைத்தால் கடவுச்சொல் கேட்காத ஒரு ஆர் வாசல் இணையத்தில் நிற்கும். இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம்.

அரசலாறு தம்பிக்கு: எண்களுக்குப் பொருள் உண்டு, முதலில் அதைப் படியுங்கள். 502 என்றால் பின்னால் ஆள் இல்லை. 504 என்றால் ஆள் இருக்கிறது, 60 விநாடிக்குள் பதில் வரவில்லை. 413 என்றால் அனுப்பிய கோப்பு 1 எம்பியைத் தாண்டிவிட்டது. 60 விநாடி, 1 எம்பி இரண்டும் என்ஜின்எக்ஸின் இயல்பு அளவுகள். 500 என்றால் உங்கள் ஆர் நிரலிலேயே பிழை. லாக் (சர்வரின் பதிவேடு) இல்லாமல் உதவி கேட்பது, வயலைக் காட்டாமல் பயிருக்கு என்ன நோய் என்று கேட்பது மாதிரி. இதை எத்தனை முறை இங்கே சொல்வது?

திருமலைராஜன்:
என்ஜின்எக்ஸ் கன்ஃபிக்ல லோக்கல்ஹோஸ்ட்னு எழுதியிருந்தா அதை 127.0.0.1னு மாத்துங்க. அந்தப் பேர் ஐபிவி6 முகவரிக்கும் போகும், பிளம்பர் இயல்பா ஐபிவி4-ல மட்டும் காது குடுக்கும். லாக்ல கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு வரும்.

கொள்ளிடம்:
எதுக்கு இவ்வளவு பாடு? டாக்கர்ல போடுங்க, நிரலையும் அதுக்கு வேணுங்கிறதையும் கன்டெய்னர்ங்கிற ஒரே பெட்டில அடைக்கிற கருவி அது. ராக்கர் இமேஜ்ல ஆர் தயாரா இருக்கு. ஒண்ணே ஒண்ணு, கன்டெய்னருக்குள்ள பிளம்பரோட ஹோஸ்ட் 0.0.0.0னு இருக்கணும். 127.0.0.1னு விட்டா அது கன்டெய்னர் தனக்குத்தானே பேசிக்கிறது, வெளியேருந்து எட்டாது. போர்ட்டைப் பப்ளிஷ் பண்ணும்போது முன்னாடி 127.0.0.1 சேர்த்து எழுதுங்க. இல்லன்னா யுஎஃப்டபிள்யூங்கிற ஃபயர்வால் தடுப்பைத் தாண்டி போர்ட் வெளியே தெரியும்.

அரசலாறு:
சாரி, அவசரத்துல எழுதிட்டேன். பிளம்பர், உபுண்டு 22.04, என்ஜின்எக்ஸ். சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களை ஓட்டுறது) சர்வீஸ் எழுதி வெச்சிருக்கேன். போர்ட் 8000-தான் குடுத்திருக்கேன். டாக்கர் எனக்குப் புதுசு, திங்கட்கிழமைக்குள்ள முடியாது.

குடமுருட்டி:
சர்வீஸ்ல யூசர் யாரு? லாக் காட்டுற ஜர்னல்சிடிஎல்ல மைனஸ் யு குடுத்து சர்வீஸ் பேரைப் போடுங்க, கடைசி இருபது வரியை இங்க ஒட்டுங்க.

அரசலாறு:
யூசர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, வெப் சர்வருக்குன்னே உள்ள கணக்கு. லாக்ல "பிளம்பர்ங்கிற பேக்கேஜ் இல்ல"ன்னு அஞ்சு தடவை வருது. கடைசில "ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குயிக்லி". ஆனா பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ணியிருக்கேனே! டெர்மினல்ல லோட் ஆகுதே!

குடமுருட்டி:
அங்கதான் விஷயம். டெர்மினல்ல ஓட்டுறது நீங்க, சர்வீஸை ஓட்டுறது வேற ஆள். நீங்க சாதாரண யூசரா இன்ஸ்டால் பண்ணினப்ப, பொது லைப்ரரில எழுத அனுமதி இல்லன்னு உங்க ஹோம்ல தனி லைப்ரரி போடட்டுமான்னு ஆர் கேட்டிருக்கும், நீங்க ஆமான்னு சொல்லியிருப்பீங்க. டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்கு அந்த இடமே தெரியாது. ஆர்-லிப்ஸ்-யூசர்ங்கிற அமைப்புல உங்க லைப்ரரி பாதையைக் குடுத்தாலும் பிரயோஜனமில்ல. உபுண்டு 21.04-லேருந்து புதுசா உருவாகுற ஹோம் ஃபோல்டருக்கு பெர்மிஷன் 750, அடுத்தவன் உள்ளேயே வர முடியாது. அதை 755 ஆக்கச் சொல்லி யாராச்சும் வருவாங்க, செய்யாதீங்க.

செய்ய வேண்டியது: முதல்ல ஏபிடி வழியா லிப்சோடியம்-டெவ், லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ், ஜிலிப்1ஜி-டெவ் மூணையும் போடுங்க. சோடியம் இல்லன்னா பிளம்பர் கம்பைல் ஆகாது. அப்புறம் சுடோவோட (அட்மின் அனுமதியோட) ஆரைத் திறந்து பிளம்பரை மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க. இப்ப அது யுஎஸ்ஆர் லோக்கலுக்குள்ள இருக்கிற சைட்-லைப்ரரிக்குப் போகும், எல்லா யூசருக்கும் தெரியும். மாடலுக்கு வேணுங்கிற மத்த பேக்கேஜ்களையும் அப்படியே, ஒண்ணு விட்டாலும் திரும்ப இதே பிழைதான். சர்வர்ல ரேம் 1 ஜிபிதான்னா கம்பைல் பாதில செத்துப் போகலாம். 2 ஜிபி ஸ்வாப் (ரேம் போதலன்னா வட்டுல எடுத்துக்கிற இடம்) போட்டுக்கிட்டுத் தொடங்குங்க, இல்லன்னா பாசிட் பேக்கேஜ் மேனேஜர்லேருந்து கம்பைல் பண்ணினதையே எடுங்க.

நிரலும் மாடல் கோப்பும் ஹோம்லதானே இருக்கு? ரெண்டையும் எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு மாத்துங்க. சர்வீஸ் கோப்புல வொர்க்கிங்-டைரக்டரி எழுதுங்க. எழுதலன்னா சர்வீஸ் ரூட் ஃபோல்டர்ல நின்னு மாடலைத் தேடும், கிடைக்காது.

அஞ்சு தடவைன்னு சொன்னீங்களே, அது சிஸ்டம்டியோட கணக்கு: 10 விநாடிக்குள்ள 5 தடவை தொடங்கி விழுந்தா கைவிட்டுடும். ரீஸ்டார்ட்-செக் 5னு குடுங்க. சர்வீஸ் கோப்பை மாத்தினதும் டீமன்-ரீலோட், ரீசெட்-ஃபெயில்ட், அப்புறம் ஸ்டார்ட். சர்வருக்குள்ளேயே கர்ல் போட்டு 127.0.0.1:8000-ஐக் கேளுங்க. அங்க பதில் வந்த பிறகுதான் என்ஜின்எக்ஸ் பக்கம் போகணும்.

அரசலாறு:
502 போயிடுச்சு சார்!! இப்ப 500. லாக்ல "மா"ங்கிற காலம் (column) இல்லன்னு சொல்லுது. சிஎஸ்வில மா, மூட்டைன்னு ரெண்டு காலம் இருக்கு, என் கண்ணாலயே பாக்குறேன். டெர்மினல்ல இப்பவும் ஓடுது.

குடமுருட்டி:
அதே கதைதான், இந்தத் தடவை லோக்கேல், அதாவது மொழி, எழுத்து அமைப்பு. எஸ்எஸ்எச்-ல உள்ள வரும்போது உங்க லேப்டாப்போட லோக்கேலும் கூடவே வந்துடும். சர்வீஸுக்கு அந்தக் குடுப்பினை இல்ல. சர்வர்ல லோக்கேல் அமைக்கலன்னா சி லோக்கேல்ல எழும், தமிழ்த் தலைப்பெல்லாம் எக்ஸும் புள்ளியுமா மாறிடும். சர்வீஸ் கோப்புல என்விரான்மென்ட் வரில லாங் = சி.யுடிஎஃப்-8னு குடுங்க. சிஎஸ்வி படிக்கிற இடத்துல செக்-நேம்ஸ் ஃபால்ஸ், ஃபைல்-என்கோடிங் யுடிஎஃப்-8. எக்செல்லேருந்து சேமிச்ச கோப்புன்னா யுடிஎஃப்-8-பாம்னு எழுதுங்க, இல்லன்னா முதல் தலைப்புக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கும்.

வெட்டாறு:
மாவா? மகசூல் கணக்கை ஏன் மாவுல வெக்கிறீங்க? ஒரு மாங்கிறது 33 சென்ட். ஹெக்டேர்ல வாங்குங்க, தொல்லை இல்ல.

திருமலைராஜன்:
33 சென்ட்ங்கிறது வாய்க்கணக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. குழி 144 சதுர அடின்னா மா 14,400 சதுர அடி. மூணு மா சேர்ந்தாலும் 43,200. ஏக்கர் 43,560.

வெட்டாறு:
360 சதுர அடி வித்தியாசம், நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல. மாடலோட பிழையே அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

திருமலைராஜன்:
சரி, மூட்டையை என்ன செய்வீங்க? வீட்டுல மூட்டைன்னா 60 கிலோ, கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம். ஏக்கருக்கு 30 மூட்டைன்னு ஒருத்தர் எழுதினா 1,800 கிலோவா, 1,200 கிலோவா? ஹெக்டேருக்கு 4,448-க்கும் 2,965-க்கும் உள்ள தூரம் அது. விவசாயி எதிர்ல நிக்கிறப்ப தப்பா எண் சொன்னா அடுத்த தடவை யாரும் கேக்க வர மாட்டாங்க.

வெண்ணாறு:
இது வேறு இழைக்கு உரிய பேச்சு. ஆனாலும் திருமலைராஜன் சொல்வது சரி. மூட்டை எடையைத் தனி உள்ளீடாகக் கேட்டு வாங்குங்கள், இயல்பு மதிப்பு வைக்காதீர்கள். குழி ஊருக்கு ஊர் மாறும், ஆகவே குழியின் சதுர அடியையும் கேளுங்கள். மாற்றும் கணக்கு பிளம்பரின் நுழைவாயிலில் ஒரே ஒரு இடத்தில் இருக்கட்டும். மாடலுக்குள் கிலோவும் ஹெக்டேரும் மட்டுமே போக வேண்டும்.

தம்பி, ஆர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். ஒருவருக்குக் கணிக்க 10 விநாடி என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கும்போது ஐந்தாவது ஆள் 50 விநாடி காத்திருப்பார். ஏழாவது ஆளுக்கு 504. மாடலை ஒவ்வொரு கேள்விக்கும் பொருத்திக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஒருமுறை பொருத்தி ஆர்டிஎஸ் கோப்பாகச் சேமியுங்கள், சர்வீஸ் தொடங்கும்போதே ஒருமுறை ஏற்றுங்கள். கேள்வி வரும்போது கணிப்பு மட்டும். அதற்கும் போதவில்லை என்றால் 8000, 8001, 8002 என்று மூன்று பிரதிகள் ஓடவிட்டு என்ஜின்எக்ஸ் அப்ஸ்ட்ரீமில் (கேள்விகளைப் பகிர்ந்து அனுப்பும் பட்டியலில்) சேருங்கள்.

கொள்ளிடம்:
டாக்கர்னா மூணு பிரதி ஒரே வரில முடிஞ்சிருக்கும்.

குடமுருட்டி:
சிஸ்டம்டிலயும் ஒரே கோப்புதான், பேர்ல அட் குறி போட்டு போர்ட்டைக் குடுத்தா போதும். திங்கட்கிழமை வரைக்கும் இவருக்குப் புதுசா எதையும் ஏத்த வேண்டாம்.

அரசலாறு:
லாங் வரி சேர்த்ததும் ஓடுது. மூட்டை எடைக்கும் தனிக் கட்டம் வெச்சாச்சு. கிராஃப்ல மட்டும் தமிழ் கட்டம் கட்டமா வருது. எல்லாருக்கும் நன்றி.

குடமுருட்டி:
சர்வர்ல தமிழ் ஃபாண்ட் இல்ல. நோட்டோ சான்ஸ் தமிழ் போடுங்க, படத்தை ஆரோட ராக் (ragg) பேக்கேஜ்ல இருக்கிற பிஎன்ஜி வழியா எழுதுங்க. கொ, கோ எல்லாம் பிரியாம வரும். ராக் கம்பைல் ஆக ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி, பிஎன்ஜி, டிஃப், ஜேபெக் மாதிரி லைப்ரரிகளோட டெவ் பேக்கேஜும் வேணும். ஃபாண்ட் போட்டதும் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

வெட்டாறு:
சிஸ்டம்சிடிஎல் எனேபிள் குடுத்தீங்களா? ஸ்டார்ட் மட்டும் குடுத்திருந்தா, கரண்ட் போய் வந்தப்புறம் சர்வர் எழும், உங்க சர்வீஸ் எழாது. அரசலாறு, இருக்கீங்களா?