'சிட்டி ஆஃப் எம்பர்' ஏழு வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?

லீவுக்கு அக்கா பிள்ளைகள் வருகிறார்கள். பெரியவளுக்கு 11, சின்னவனுக்கு 7. 2008-இல் வந்த 'சிட்டி ஆஃப் எம்பர்' என்ற ஆங்கிலப் படத்தைப் போடலாம் என்று ஒரு யோசனை. 200 ஆண்டு தாக்குப்பிடிக்கட்டும் என்று நிலத்துக்கடியில் கட்டிய ஊர். கெடு முடிந்துவிட்டது, ஜெனரேட்டர் அடிக்கடி படுத்துவிடுகிறது, டின் உணவும் தீர்கிறது. மேயராக வரும் நடிகர் பில் மர்ரி மட்டும் ரகசிய அறையில் டின்களைப் பதுக்கி வைத்து ஒரு பிடி பிடிக்கிறார். (எந்த ஊர் மேயரோ!) பெல்ஃபாஸ்ட் கப்பல் கட்டும் தளத்தின் பழைய பெயின்ட் கூடத்தில் போட்ட செட். அதற்காகவே பார்க்கலாம்.

என் கவலை சின்னவன்தான். இருட்டென்றாலே அலறுவான். இதில் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது, போதாததற்கு ராட்சத அகழெலி வேறு துரத்துகிறது. உங்கள் வீட்டுக் குட்டிகள் பார்த்தார்களா? எந்தெந்த இடத்தை ஓட்டிவிட வேண்டும்?

இன்னொன்று. படத்துக்கு அடுத்த பாகம் கிடையாது, ஆனால் படத்துக்கு மூலமான ஜீன் டூப்ராவின் நாவலுக்கு அடுத்தடுத்த பாகங்கள் உண்டு. 2003-இல் வந்த முதல் நாவலின் ஆங்கிலம் பெரியவளுக்கு எட்டுமா? படித்தவர்கள் சொல்லுங்கள். முறையான ஓடிடி-யில் தமிழ் சப்டைட்டிலோடு இருந்தால் அதையும் சொல்லுங்கள். டெலிகிராம் லிங்க் வேண்டாம், ப்ளீஸ்.