எண்ணிக்கைக்கு விலையா, எடைக்கு விலையா?

கோணமலையான்:

ஞாயிற்றுக்கிழமை மாலை திருகோணமலை டச் பே கடற்கரையில் கடலை கொறித்துக்கொண்டே தொடங்கிய சண்டை இது. அங்கே முடியவில்லை, இங்கே கொண்டுவருகிறேன். பந்தயப் பாதையை மனதில் வைத்துக் கொஞ்சமாகச் செய்யப்படும் கார்களுக்கு மலைபோலக் காசு கொட்டுகிறவர்கள் காரை வாங்கவில்லை, எண்ணிக்கையைத்தான் வாங்குகிறார்கள் என்றார் நண்பர். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

1972 அக்டோபரில் பாரிஸ் கார்க் கண்காட்சிக்கு போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 என்ற கார் வந்தது. அது போட்டியிட விரும்பிய பந்தயப் பிரிவில் 500 கார்களாவது செய்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த 500ஐ யார் தலையில் கட்டுவது என்று விற்பனைப் பிரிவு கையைப் பிசைந்தது. கடைசியில் 1,580 கார்கள் செய்தார்கள். அரிதாக இருப்பதுதான் மதிப்பு என்றால், மூன்று மடங்கு பெருகிய இந்தக் காரை இன்று யாரும் சீந்தக் கூடாது. ஆனால் சேகரிப்பாளர்கள் விழுந்தடித்துக்கொண்டு தேடுகிறார்கள். ஏன்?

கணக்குப்பிள்ளை:

1,580ம் குறைவுதான் தம்பி, அதனால்தான். உலகத்தில் பணக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பெராரி 250 ஜிடிஓ என்ற கார் மொத்தம் 36. அதில் ஒன்று 2018இல் கலிபோர்னியாவின் மொன்டரே ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டொலருக்குப் போனது. உங்கள் ஆர்எஸ் அந்த விலையை எட்டிப் பார்க்க முடியுமா?

நம் ஊர்க் கதைக்கே வருகிறேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பிறகு என்ன நடந்தது? ஓடித் தேய்ந்த அல்டோ என்ற சின்னக் காரை, புதிதாக வாங்கிய விலைக்கு மேலே வைத்து விற்றார்கள். அல்டோ என்ன பந்தயக் காரா? வரத்து நின்றது, விலை ஏறியது. கணக்கு அவ்வளவுதான்.

கோணமலையான்:

அண்ணன், அல்டோவைக் கொண்டுவந்து என் பக்கத்துக்கே பலம் சேர்த்துவிட்டீர்கள். அல்டோவை யாராவது போர்வை போர்த்திப் பேரப்பிள்ளைக்கு என்று எடுத்து வைத்தார்களா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும், வேறு வழியில்லை, வாங்கினார்கள். தட்டுப்பாட்டு விலை வேறு, ஆசை விலை வேறு.

250 ஜிடிஓ வெறும் 36 என்பதற்காகவா அந்த விலை? அது ஓடிய பந்தயப் பிரிவுக்கு விதி கேட்டது 100 கார்கள். முந்தைய 250 ஜிடியின் திருத்திய வடிவம்தான் இது என்று காட்டி பெராரி அனுமதி வாங்கியது. பிறகு 1962, 63, 64 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தன் பிரிவின் சம்பியன் பட்டத்தை வென்றது. அந்த 36க்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது, வெற்றி இருக்கிறது. விலை அதற்குத்தான்.

உப்புக்காற்று:

இரண்டு பேரும் காகிதத்தில் பேசுகிறீர்கள். நான் வளைகுடா நாட்டுக் கராஜ் ஒன்றில் பதினொரு வருடம் கையில் கிறீஸோடு நின்றவன். ஒரு தடவை பெராரி எஃப்40 ஒன்று எண்ணெய் மாற்ற வந்தது. கோடி கோடியாக விலை போகும் காரல்லவா, உள்ளே என்ன சொகுசோ என்று எட்டிப் பார்த்தேன். உட்பக்கம் கதவைத் திறக்கக் கைப்பிடி இல்லை. ஒரு கயிறு தொங்குகிறது, பிடித்து இழுக்க வேண்டும். தரையில் விரிப்பு இல்லை. மூலைகளில் பசை ஒட்டிய தடம் அப்படியே தெரிகிறது, துடைத்து அழகு பார்க்க யாரும் மினக்கெடவில்லை. சாயத்தை அவ்வளவு மெல்லியதாகப் பூசியிருக்கிறார்கள். சாய்ந்த வெயிலில் பார்த்தால் கீழே இருக்கும் கார்பன் இழையின் பின்னல், பன்பாயின் பின்னலைப்போலத் தெரியும். பவர் ஸ்ரியரிங் கிடையாது, பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. பத்து மீற்றர் நகர்த்தி லிப்ற்றில் ஏற்றுவதற்குள் கிளச் மிதித்த கால் நடுங்கிவிட்டது.

பெராரி முதலில் 400 என்று சொல்லித் தொடங்கிய கார் அது. முடிக்கும்போது 1,300ஐத் தாண்டியிருந்தது. விலை விழுந்ததா? இல்லையே. கயிற்றைப் பிடித்தவனுக்குக் காரணம் தெரியும். கூட்டுவதற்கு எல்லோராலும் முடியும். எதைக் கழிக்கலாம் என்று ஒவ்வொரு கிராமுக்கும் யாரோ தலையை உடைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன ஆர்எஸ்ஸும் அதே சாதிதான். எடை குறைந்த வகை 960 கிலோ. பின்னிருக்கை இல்லை, கடிகாரம் இல்லை, தகடும் கண்ணாடியும் வழக்கத்தைவிட மெல்லியவை. பின்னால் வாத்தின் வாலைப்போல நிமிர்ந்திருப்பது அழகுக்கு அல்ல, வேகத்தில் பின்பக்கம் தூக்காமல் இருக்க. அந்தத் தகடு நம் கடற்கரையில் இரண்டு வாடைக்காற்றுக் காலம் தாங்காது என்பது வேறு கதை.

மைனர் மாமா:

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிழவன் ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது.

மக்லாரன் எஃப்1 என்று ஒரு கார். சாலைக்கும் பந்தயத்துக்குமாக மொத்தம் 106. நடுவில் ஓட்டுநர், இரு பக்கமும் ஆட்கள். அதன் பந்தய வடிவம் 1995இல் பிரான்சின் லு மான் 24 மணி நேரப் போட்டியை வென்றது. மறுக்கவில்லை. ஆனால் அதே 1995இல் செய்த ஒரு கார், கால் நூற்றாண்டுக்குப் பிறகு 2021இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 2 கோடி டொலருக்கு மேல். அது ஓடியிருந்த தூரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 390 கிலோமீற்றர்! இங்கிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி வரக்கூடக் காணாது. பந்தயத்துக்குப் பிறந்தது என்கிறீர்கள். பூட்டி வைத்ததற்கு அல்லவா அவ்வளவு பணம் கொடுத்திருக்கிறார்கள்?

என் பழைய மொறிஸ் மைனர் காருக்கும் அப்படி எண்ணிக்கையை வரையறுத்த பதிப்பு ஒன்று உண்டு. பத்து இலட்சமாவது கார் வந்ததைக் கொண்டாட வெளிர் ஊதா நிறத்தில் சுமார் 350 செய்தார்கள். அதையும் தேடி அலைகிறார்கள். அதன் வேகத்தைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன்.

கிண்ணியாக்காரன்:

மாமா சொன்னதோடு இதையும் வையுங்கள். 1998இல் சுபாரு இம்பிரெசா 22பி என்ற கார் வந்தது. ஜப்பானுக்கு 400, இரண்டே நாளில் முடிந்தது. எந்தப் பந்தய விதியும் அதைக் கேட்கவில்லை. சேற்றிலும் கற்பாதையிலும் ஓடும் ரலிப் பந்தயத்தின் உலகப் பட்டத்தை மூன்றாவது முறை வென்றதற்கும் நிறுவனத்தின் நாற்பதாவது ஆண்டுக்குமான கொண்டாட்டம் அது. விதி கேட்காத கார், ஆனால் ஆசை விலை. கோணமலையான் நானா, இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்?

கோணமலையான்:

மடக்கிவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். விதி கேட்டிருக்க வேண்டும் என்பதை விட்டுவிடுகிறேன். ஆனால் 22பியின் அகன்ற தோள்களைப் பாருங்கள், சேற்றில் வென்ற ரலிக் காரின் உருவம் அது. கொண்டாடுவதற்கு வெற்றி ஒன்று கையில் இருந்தது.

மாமாவின் 390 கிலோமீற்றருக்கு என்னிடம் நேர்ப் பதில் இல்லை. அந்தக் காரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கணக்குப்பிள்ளை:

கோபத்தை விடுங்கள், கணக்குக்கு வாருங்கள். 2016இல் போர்ஷே 911 ஆர் வந்தது. 991 கார்கள்தான். ஏன் 991? அந்தத் தலைமுறை 911க்கு நிறுவனத்துக்குள் வழங்கிய குறியெண் 991. விதியுமில்லை, வெற்றியுமில்லை, விளம்பரப் பிரிவின் மூளை! வாங்கிய கையோடு பல மடங்கு விலைக்குக் கைமாற்றினார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உப்புக்காற்று:

அண்ணன், பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வருடமே அதே நிறுவனம், 911 ஆரைப் போலவே கையால் கியர் மாற்றும் ஜிடி3 டூரிங் என்ற காரைக் கொண்டுவந்தது, எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல். ஏறக்குறைய அதே சுகம். உடனே 911 ஆரின் விலை சறுக்கியது. எண்ணிக்கையைக் கொண்டு கட்டிய விலை, பக்கத்தில் இன்னொன்று வந்தால் ஆடும். எஃப்40இன் பக்கத்தில் எதைக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள்?

கணக்குப்பிள்ளை:

சறுக்கினாலும் புதிய விலைக்கு மேலேதான் நிற்கிறது. நான் அசையப் போவதில்லை.

கிண்ணியாக்காரன்:

துறைமுகத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. 2019 மார்ச்சில் கிராண்டே அமெரிக்கா என்ற கப்பல் பிரான்சின் கரைக்கு அப்பால் கடலில் தீப்பிடித்து மூழ்கியது. பிரேசிலுக்குப் போன போர்ஷேக்கள் அதில் இருந்தன, நான்கு 911 ஜிடி2 ஆர்எஸ் உட்பட. அதற்கு முந்தைய மாதமே அந்த வகையின் உற்பத்தியை முடித்திருந்தார்கள். கடலில் போன நான்குக்காக மீண்டும் தொடங்கினார்கள். கணக்குப்பிள்ளை அண்ணன், தண்ணீருக்கு அடியில் கிடக்கும் அந்த நான்கையும் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

கணக்குப்பிள்ளை:

கழிவுப் பக்கம். மிச்சத்தின் விலை கூடும்.

மைனர் மாமா:

நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றுத் தம்பி, ஞாயிறு இந்தப் பக்கம் வந்தால் என் மைனரின் தரைத் தகட்டை ஒருமுறை பாருங்கள், வலது பக்கம் அரித்துவிட்டது. வரும்போது ஒரு முழம் கயிறும் கொண்டுவாருங்கள். கதவின் உள் கைப்பிடி நேற்று என் கையோடு வந்துவிட்டது. எடையைக் குறைக்க நான் எதுவும் செய்யவில்லை.